யான் சேர்த்த சித்திரப் படங்கள்

சேகரிக்கும் ஆசை மாந்தர்க்கு இயல்பாய் அமைந்தது. ஒருவர் தபால் முத்திரை சேர்ப்பர். ஒருவர் பழைய நாணயம் சேர்ப்பர். வேறொருவர் நூல்களை அலுமாரியில் அடுக்கி வைத்து, அவற்றின் முதுகுகளைப் பார்த்தே பசியாறுவர். இவர்களையெல்லாம் உலகம் மதிக்கின்றது. ஆயின், நாற்பது வயது கடந்த தமிழாசிரியன் ஒருவன், பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்தும் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கின்றான் எனின், கேட்போர் முகத்தில் முறுவல் தோன்றாதிராது. "மாஸ்டருக்கு இன்னும் பிள்ளைக் குணம் போகவில்லை" என்று உடனாசிரியர் கூறக் கேட்டு யானும் நகைத்ததுண்டு. ஆயினும், இச்சேகரிப்பு வெறும் விளையாட்டன்று என்பதே என் துணிபு. ஓர் ஆக்கத்தை அதன் ஆக்கியோர் ஆக்கியவாறே காத்தல் எவ்வளவு அரிது என்பதை எனக்கு நன்கு உணர்த்தியவை இச்சிறு படங்களே. அவ்வுணர்வை நமது கல்லூரியின் பழைய மாணவரோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

யான் கூறும் படங்கள் யாவை? ஐக்கிய அமெரிக்காவிலே, திரையரங்குகளிற் பெரும்படம் தொடங்குமுன் காட்டும்பொருட்டு ஆக்கப்பட்ட, ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் கார்ட்டூன் குறும்படங்களே அவை. அவற்றின் பொற்காலம் 1920 களின் இறுதியிலே ஒலியோடு தொடங்கி, பெரிய நிறுவனங்கள் தம் சித்திரக் கூடங்களை ஒவ்வொன்றாய் மூடிய 1960 களில் முடிவுற்றது எனலாம். 1928 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18 ஆந் திகதி நியூயோர்க் நகரத்துக் கொலனி அரங்கிலே வோல்ற் டிஸ்னியின் 'ஸ்ரீம்போட் வில்லி' திரையிடப்பட்டது. மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலியின் புகழ் அதனோடு பரவத் தொடங்கிற்று. 1932 இல் டிஸ்னி வெளியிட்ட 'பூக்களும் மரங்களும்' என்னும் படம் மூவண்ண ரெக்னிகலர் முறையில் அமைந்த முதற் கார்ட்டூனாகும். கார்ட்டூனுக்கென வழங்கப்பட்ட முதல் ஒஸ்கார் விருதும் அதற்கே உரியதாயிற்று. மக்ஸ் பிளைஷர் கூடத்தார் 1933 இல் பொப்பாய் என்னும் மாலுமியைத் திரைக்குக் கொணர்ந்தனர். 1940 ஆம் ஆண்டு இரு பேறுகளை அளித்தது. மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்திலே வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் டொம், ஜெரி என்னும் பூனையையும் எலியையும் படைத்தனர். வோர்னர் சகோதரர் நிறுவனத்திலே ரெக்ஸ் ஏவரி இயக்கிய படமொன்றிலே பக்ஸ் பனி என்னும் முயல் தன் முழு வடிவைப் பெற்றது. ஹன்னாவும் பார்பெராவும் 1958 வரை ஆக்கிய டொம், ஜெரி படங்கள் 114. அவற்றுள் ஏழு ஒஸ்கார் விருது பெற்றன.

ஏழு நிமிடந்தானே என எளிதாக எண்ணற்க. திரைப்படச் சுருள் வினாடி ஒன்றுக்கு 24 படங்களாக ஓடுவது. ஏழு நிமிடத்துக்கு 10,080 படங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை ஈரிரு படங்களுக்கு நிறுத்தினும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நிலைகளைக் கையாலே வரைதல் வேண்டும். பென்சிலால் வரைந்தவற்றை ஒளி ஊடுருவும் செலுலோயிட் தாளிலே மையினாற் கோடிடுவோர் ஒருசாரார். அத்தாளின் பின்புறத்தே வண்ணந் தீட்டுவோர் மற்றொருசாரார். மலையும் மனையுமாகிய பின்னணியைத் தீட்டுவோர் வேறொருசாரார். பின்னணியின்மீது தாளை வைத்து ஒவ்வொன்றாகக் கமராவாற் பதிவு செய்வர். இவற்றோடு இசையும் குரலும் இயைதல் வேண்டும். வோர்னர் நிறுவனத்துக் கார்ல் ஸ்ரோலிங்கும், மெற்றோ நிறுவனத்து ஸ்கொட் பிராட்லியும் பூனையின் அடிவைப்புக்கும் எலியின் ஓட்டத்துக்கும் ஏற்ப இசையமைத்தனர். மெல் பிளாங்க் என்னும் ஒருவரே பக்ஸ் பனி, டஃபி டக், போர்க்கி பிக் முதலிய பல பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்.

இவற்றைச் சிறுவர் பொருளென ஒதுக்குவோர் சக் ஜோன்ஸ் 1953 இல் இயக்கிய 'டக் அமக்' என்னும் படத்தை ஒருமுறை காண்பாராக. டஃபி என்னும் வாத்து, தன்னை வரையும் ஓவியனோடு வழக்காடுவதே அதன் கதை. ஓவியன் பின்னணியை மாற்றுகின்றான். வாத்தின் குரலை அழிக்கின்றான். அதன் உடலையே வேறாக வரைகின்றான். வாத்து கெஞ்சுகின்றது, சினக்கின்றது, பணிகின்றது, மீண்டும் சினக்கின்றது. ஈற்றிலே அவ்வோவியன் பக்ஸ் பனியே எனக் கண்டு நகைக்கின்றோம். படைத்தவனோடு படைக்கப்பட்டது வழக்காடும் இச்சுவையை, இறைவனோடு தோழமை பூண்டு உரிமையோடு பிணங்கிய சுந்தரரை அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அவரே 1957 இல், வாக்னர் என்னும் ஜேர்மானிய இசைமேதையின் நெடிய இசைநாடகங்களை ஏழு நிமிடத்துக்குட் சுருக்கி, 'வட்ஸ் ஒப்பெரா, டொக்?' என்னும் படத்தை ஆக்கினார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணும் தேசிய திரைப்படப் பதிவேட்டிலே 1992 இல் அது இடம்பெற்றது.

இனி, இச்சேகரிப்பு எனக்கு வந்தவாற்றைக் கூறுவேன். 1990 முதற் பல்லாண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்குக் கொணர்ந்து, ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் இயக்கி, விடியும்வரை படம் பார்ப்பது அக்கால வழக்கம். பெரியோர் விரும்பும் தென்னிந்தியப் படங்களுக்கு நடுவே, சிறுவரை அடக்கி வைக்கும்பொருட்டுக் கார்ட்டூன் நாடா ஒன்றும் இடப்படும். எங்கள் சின்னம்மா வீட்டில் அத்தகைய நாடா ஒன்று சொந்தமாகவே இருந்தது. ஆங்கிலம் அறியாத எங்களுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து இடப்பெயர்விலே அந்நாடா வீட்டோடு நின்றுவிட்டது. நாங்கள் மீண்டபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை.

2003 இல் வோர்னர் நிறுவனத்தார் தம் பழைய படங்களுள் 56 ஐத் தேர்ந்து, நான்கு இறுவட்டுகளாக வெளியிட்டனர். 2008 வரை இவ்வாறு ஆறு தொகுதிகள் வந்தன. அவற்றுள் முதலாவதனை, கனடாவிலிருந்து 2004 இல் வந்த என் மைத்துனர், ஏ-9 பாதை வழியே கொணர்ந்தார். சோதனைச் சாவடியிலே பெட்டியைத் திறந்த படைவீரன், உறையின்மீது முயலைக் கண்டு சிரித்துப் பெட்டியை மூடிவிட்டான் என்று அவர் கூறினார். வட அமெரிக்காவுக்கென வலயக் குறி இடப்பட்ட அவ்விறுவட்டு எங்கள் கருவியில் ஓட மறுத்தது. வலயத் தடை நீக்கிய கருவி ஒன்றைக் கொழும்பிலிருந்து வருவித்த பின்னரே முயல் எங்கள் வீட்டிற் குதித்தது.

சில காலத்தின் பின், டொம், ஜெரி படத் தொகுதி ஒன்றும் கைக்கு வந்தது. அதிலே 1950 இல் வெளிவந்த 'சற்றர்டே ஈவினிங் புஸ்' என்னும் படத்தைக் கண்டபோது திகைப்புற்றேன். வீட்டுப் பெண் சனிக்கிழமை மாலை வெளியே செல்ல, டொம் தன் நண்பரை அழைத்துக் கூத்தடிப்பது கதை. சின்னம்மா வீட்டு நாடாவிலே அப்பெண் மெலிந்த வெள்ளைக்கார யுவதி. இறுவட்டிலோ பருத்த கறுப்பினப் பணிப்பெண். என் நினைவு பிறழ்ந்ததோ எனத் தேடியபோது, இரண்டும் உண்மையே என அறிந்தேன். மூலத்தில் இருந்தவர் பணிப்பெண்ணே. அவர் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வார்ப்பு என்னும் கண்டனம் எழுந்தமையால், 1960 களிலே தொலைக்காட்சிக்கென அக்காட்சிகள் வேறொரு பெண்ணைக் கொண்டு புதிதாக வரையப்பட்டன. வேறு சில படங்களிலே உருவம் அவ்வாறே நிற்க, குரல் மட்டும் மாற்றப்பட்டது.

தமிழ் கற்பிப்போருக்கு இதற்கு ஒரு பெயர் உண்டு: பாடபேதம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்த வருத்தத்தை நாம் வகுப்பிலே கூறுகின்றோம். ஒரே ஏட்டை வைத்திருப்பவன் பாடபேதத்தை அறியான். பல ஏடுகளை வைத்திருப்பவனே அறிவான். அன்று முதல், ஒரே படத்தின் வெவ்வேறு படிகளைத் தேடத் தொடங்கினேன். என் சேகரிப்பு உண்மையில் அந்நாளிலேயே தொடங்கிற்று.

தேடத் தேட, இப்படங்கள் பட்ட பாடு ஒவ்வொன்றாய்த் தெரியலாயிற்று. வோர்னர் நிறுவனத்தார் 1943 முதல் தம் பழைய படங்களை மறுமுறை வெளியிட்டபோது, தொடக்கத்திலுள்ள தலைப்பைப் பெரும்பாலும் வெட்டியெறிந்து, புதுத் தலைப்பை ஒட்டினர். வெட்டுண்ட பகுதியிலே இயக்குநர், ஓவியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருந்தன. தலைப்புப் போயிற்று, உழைத்தவர் பெயரும் உடன் போயிற்று. 1968 இலே கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றைக் கொரியாவுக்கு அனுப்பி, வண்ணத்தில் மறுபடி வரைவித்தனர். அவ்வாறு வரைந்தவற்றிலே அசைவுகள் பல குன்றின. பிற்காலத்திலே, பழைய சுருளின் தூசியையும் கீறலையும் நீக்கவென ஏவப்பட்ட மின்னணுப் பொறி, விரைந்தசையும் மெல்லிய மைக் கோட்டையும் தூசியெனக் கருதி அழித்தது. ஓடும் எலியின் காதோரம் திடீரெனத் தேய்ந்து மறைவதை அத்தகைய இறுவட்டுகளிற் காணலாம். இவற்றை அறிந்து முறையிட்டவர்கள் வீட்டிலே பழைய நாடாவும் லேசர்த் தட்டும் வைத்து ஒப்புநோக்கிய சேகரிப்பாளரே. வெட்டுண்ட தலைப்புகள் சில, தனியார் பேணிய 16 மில்லிமீற்றர்ப் படிகளிலிருந்தே மீட்கப்பட்டன.

மனிதர் கை செய்த சேதம் இவ்வாறாக, நெருப்புச் செய்த சேதம் வேறு. 1950 களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருள்கள் பெரும்பாலும் நைத்திரேற்று என்னும் பொருளாலானவை. அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டது. பற்றினால் நீரினுள் அமிழ்த்தினும் அணையாது. 1978 இல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரிலே, ஜோர்ஜ் ஈஸ்ற்மன் காப்பகத்து நைத்திரேற்றுக் கிடங்கு எரிந்தபோது, டொம், ஜெரி படங்கள் பலவற்றின் மூலச் சுருள்கள் சாம்பலாயின. இன்று நாம் காண்பன எஞ்சிய படிகளிலிருந்து எடுக்கப்பட்டனவே. 1981 இல் நூலகம் எரிந்த ஊரிலே வளர்ந்தவனுக்கு இச்செய்தி வெறுஞ் செய்தியாக இருத்தல் இயலாது. படி ஒன்றே எனின் அது பாதுகாப்பாகாது என்பதனை நாம் புத்தகத்திற் படித்து அறிந்தோமல்லோம்.

படி பலவாய்ப் பலர் கையில் இருத்தலின் பயனை உணர்த்தும் வரலாறு ஒன்றைக் கூறுவேன். மிக்கி மவுஸ் பிறக்குமுன், 1927 இலும் 1928 இலும், டிஸ்னி கூடத்தார் ஒஸ்வால்ட் என்னும் முயலைக் கொண்டு 26 படங்கள் ஆக்கினர். உரிமை வேறொருவர் கையில் இருந்தமையால் டிஸ்னி அம்முயலை இழந்தார். படங்களுட் சில முற்றாக மறைந்தன. யப்பானிலே யசுஷி வாட்டனபே என்பவர் பள்ளி மாணவராக இருந்தபோது, ஒசாக்கா நகரிலே விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்ட சிறு படச்சுருள் ஒன்றை 500 யென்னுக்கு வாங்கினார். ஏறத்தாழ எழுபது ஆண்டு அதனைப் பேணினார். ஒஸ்வால்ட் படங்களைப் பற்றி 2017 இல் வெளிவந்த நூலொன்றைக் கண்ட பின், தம்மிடமுள்ளது தொலைந்த படங்களுள் ஒன்றாகலாம் என ஐயுற்று வினவினார். ஆராய்ந்தபோது, அது 1928 ஆம் ஆண்டு வெளிவந்து மறைந்துபோன 'நெக் அன் நெக்' என்னும் படத்தின் இரண்டு நிமிடப் பகுதி எனத் தெளிந்தது. 2018 இல் இச்செய்தி வெளியானபோது அவருக்கு வயது 84. பெரிய நிறுவனம் இழந்ததைப் பள்ளிச் சிறுவனின் கைக்காசு காத்தது.

இங்கு ஒரு வினா எழும். இழிவான பகுதிகளையும் காக்கத்தான் வேண்டுமோ? இப்படங்களுட் சில கறுப்பினத்தவரையும், போர்க்காலத்து யப்பானியரையும் கேவலமாகக் காட்டுவன. அது மறுக்கவொண்ணாத உண்மை. வோர்னர் படங்களுட் பதினொன்று இக்காரணம்பற்றி 1968 முதல் தொலைக்காட்சிக்கு வழங்கப்படாது நிறுத்தப்பட்டன. அந்நிறுவனத்தாரே பின்னர்ச் சில இறுவட்டுகளின் தொடக்கத்திலே ஓர் அறிவித்தலை வைத்தனர்: இக்காட்சிகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆயினும், மறைத்தல் அத்தகைய வெறுப்பே இருந்ததில்லை எனக் கூறுதலை ஒக்கும் என்பது அதன் கருத்து. யான் இதற்கு உடன்படுகின்றேன். வகுப்பிலே காட்டும் படம் வேறு. அலுமாரியிற் காக்கும் படம் வேறு. எட்டாந் தர மாணவர்க்கு, 1947 இல் வெளிவந்த 'கற் கொன்செர்ற்றோ'வைக் காட்டி, டொம் பியானோ வாசிக்கும் அழகையும் ஜெரி இடையூறு செய்யும் குறும்பையும் கட்டுரையாக எழுதச் சொல்வேன். பேச்சே இல்லாத அப்படத்துக்கு மாணவர் தேடிக் கொணரும் வினைச் சொற்கள் என்னை வியப்பிலாழ்த்தும். ஒருவன் 'தட்டினான்' என்றால், மற்றவன் 'வருடினான்' என்பான். இழிவான படங்களை அவர்களுக்கு யான் காட்டுவதில்லை. ஆனால், அவற்றை எரிக்கவும் மாட்டேன். தன் முன்னோர் எதனைக் கண்டு நகைத்தனர் என்பதை வளர்ந்தவன் அறிந்து நாணுதற்கும் சான்று வேண்டும்.

சேகரிப்பாளர் குரல் சில வேளை வெல்லவுஞ் செய்யும். 2013 இல் டொம், ஜெரி படங்களின் தொகுதியொன்று அறிவிக்கப்பட்டபோது, இரு படங்கள் அதில் விடப்பட்டமை தெரியவந்தது. குறைபட்ட தொகுதி வேண்டாவென்று அன்பர்கள் எதிர்த்தனர். அது அவ்வடிவிற் கடைக்கு வரவேயில்லை. நிறுவனங்கள் கைவிட்டவற்றைத் தாமே செப்பனிடுவோரும் உளர். மிச்சிகன் மாநிலத்து அனிமேஷன் ஆசிரியராகிய ஸ்ரீவ் ஸ்ராஞ்ச்பீல்ட் என்பவர், 'தண்டர்பீன்' என்னும் சிறு வெளியீட்டகத்தை நடத்தி, தாமும் நண்பரும் சேர்த்த சுருள்களிலிருந்து மறந்துபோன படங்களைத் தூய்மையாக்கி வெளியிடுகின்றார். அப் ஐவர்க்ஸ் 1930 களின் தொடக்கத்தில் ஆக்கிய தவளைப் படங்கள் அவ்வாறு மீண்டனவே. ஓர் ஆசிரியர் செய்யும் இப்பணியைக் காண எனக்கும் பெருமையாக இருக்கின்றது.

"இணையத்திலே எல்லாம் உண்டே, இறுவட்டு எதற்கு?" என்று என் மாணவர் வினவுவர். 2025 மார்ச்சு மாதத்திலே, வோர்னர் நிறுவனத்தார் தம் சொந்த இணையச் சேவையிலிருந்தே 1930 முதல் 1969 வரையான இப்பழைய படங்களை அகற்றிவிட்டனர். அவற்றுட் பல பின்னர் வேறொரு சேவையிலே தோன்றின என்பது உண்மை. ஆயினும், அவர் கொடுத்தால் காண்போம், எடுத்தால் இழப்போம் என்னும் நிலை நிலையன்று. என் அலுமாரியிலுள்ளதை என்னைக் கேளாது எவரும் எடார்.

எடாரெனினும், காலம் எடுக்கும். நமது வெப்பமும் மாரிக்காலத்து ஈரமும் நாடாவுக்குப் பகை. வெண்பூஞ்சணம் பற்றிய நாடா டெக்கையும் கெடுக்கும். ஆதலால், நாடாக்களை நிமிர்த்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளை அருகில் இட்டு, ஆண்டுக்கொருமுறை முழுதும் ஓடவிட்டுச் சுற்றி வைக்கின்றேன். வீட்டிலே பதிவு செய்த இறுவட்டு, ஆலையில் அச்சிட்ட இறுவட்டினும் விரைவிற் கெடும். அதனை வேறோரிடத்தும் படி எடுத்து வைத்தல் நன்று. 2016 இலே யப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய் டெக் செய்வதை நிறுத்திய பின், புதிய டெக் எங்கும் செய்யப்படுவதில்லை. உள்ளவை பழுதடையுமுன் செய்ய வேண்டுவனவற்றைச் செய்தல் வேண்டும்.

இவ்விடத்தே பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நமது கல்லூரியின் பரிசளிப்பு விழாக்களும், இல்ல விளையாட்டுப் போட்டிகளும், கலைவிழா நாடகங்களும் 1980 களிலும் அதன் பின்னரும் வீடியோ நாடாவிற் பதியப்பட்டன. படி எடுத்து வெளிநாட்டு உறவினர்க்கு அனுப்பியோர் பலர். இங்கிருந்த படிகள் இடப்பெயர்வுகளில் அழிந்தன. அங்கு சென்றவை ரொறொன்ரோவிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ, எவரேனும் ஒருவர் வீட்டு நிலவறைப் பெட்டியிலே கிடத்தல் கூடும். அவற்றிலே நம் ஆசிரியர் பேசுகின்றனர். இன்று இல்லாத நண்பர் ஓடுகின்றனர். பயனற்றதென எறியுமுன், அன்பர்கள் உறையைத் திருப்பி அதன்மேல் எழுதியிருப்பதை ஒருமுறை வாசிப்பாராக. எழுத்து அழிந்திருப்பின், நாடாவைக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பாராக. ஓடக்கூடிய டெக் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கின்றது.